சாக்லேட் சாப்பிட்டால் வால் முளைக்குமா?

பையன் சோபா மேலேறி டைவ் அடிக்கிறான் என்றால், வீட்டுக்கு வந்திருக்கும் அத்தை முதலில் கேட்பது "சாக்லேட் கீக்லேட் ஏதாவது குடுத்தியா?" என்றுதான். அம்மாவும் ஒரு நொடி யோசிப்பார். நேற்று பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் கலர் கலராய் ஏதோ தின்றானே! அவ்வளவுதான், மறுநாளிலிருந்து வீட்டில் மிட்டாய்க்கு 144 தடை உத்தரவு.

சாதாரண வால் பையன் என்றால் இது வேடிக்கையோடு போய்விடும். ஆனால் டாக்டர் "இது ஏ.டி.எச்.டி." என்று சொல்லிவிட்ட குழந்தையின் வீட்டில் கதை வேறு. ஒருவர் பாலை நிறுத்தச் சொல்வார், இன்னொருவர் கோதுமையை. மூன்றாமவர் "ரத்தத்துல நூறு அயிட்டத்துக்கு அலர்ஜி டெஸ்ட் எடுக்கலாம்" என்பார். குழந்தையின் தட்டு நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போகும். கூடவே, "நான் சமைத்துப் போட்டதால்தான் இவனுக்கு இப்படி ஆச்சோ" என்ற நினைப்பு அந்த அம்மாவை ராத்திரியில் தூங்க விடாது. கேள்வி எளிமையானதுதான்: உணவு அலர்ஜிக்கும் ஏ.டி.எச்.டி.க்கும் உண்மையில் சம்பந்தம் இருக்கிறதா? பதில்தான் கொஞ்சம் சுற்றி வளைத்துப் போகும், பொறுமை தேவை.

முதலில் அலர்ஜி என்றால் என்ன என்பதில் ஒரு குழப்பம் உண்டு. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றாலே அலர்ஜி என்று சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தில் அந்த வார்த்தைக்கு எல்லை உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தி, வேர்க்கடலையையோ முட்டையையோ எதிரி என்று தப்பாக நினைத்து ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதே உணவு வந்தால் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். சில நிமிடங்களில், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள், தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இளைப்பு என்று வெளியே தெரியும். ரொம்ப மோசமானால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து, உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புவது இந்த ரகம் இல்லை. லாக்டோஸைச் செரிக்கும் நொதி போதவில்லை என்று அர்த்தம். தொல்லைதான், ஆனால் அலர்ஜி அல்ல.

ஏ.டி.எச்.டி. என்பது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது. கவனம் நிற்காமை, ஓயாத ஓட்டம், யோசிக்காமல் பாய்வது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீட்டில் மட்டும் இல்லாமல் பள்ளி மாதிரி இன்னொரு இடத்திலும் தெரிய வேண்டும். இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி இதில் மரபணுவின் பங்கு ஏறத்தாழ 74 சதவீதம். அதாவது, சமையலறையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்பே அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்!

சரி, இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டது யார்? அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ கைசர் மருத்துவமனையில் அலர்ஜி பிரிவின் தலைவராக இருந்த பெஞ்சமின் ஃபைன்கோல்ட் என்ற குழந்தை மருத்துவர். 1965ல் உடம்பெல்லாம் தடிப்பும் முகவீக்கமுமாக ஒரு பெண் அவரிடம் வந்தார். செயற்கை நிறம், மணம், சாலிசிலேட் எல்லாவற்றையும் ஒதுக்கிய ஒரு பத்தியத்தை ஃபைன்கோல்ட் அவருக்குக் கொடுத்தார். தடிப்பு போய்விட்டது. அதோடு முடிந்திருந்தால் ஒன்றுமில்லை. அந்தப் பெண் ஒரு மனநல மருத்துவரிடமும் போய்க்கொண்டிருந்தார், அந்த மருத்துவர் தொடர்பு கொண்டு, "நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? இவருடைய சண்டைக்கார குணமே மாறிவிட்டதே!" என்கிற மாதிரி விசாரித்தாராம். அங்கே பிடித்துக்கொண்டது பொறி.

ஃபைன்கோல்ட் அதே பத்தியத்தைத் துறுதுறு குழந்தைகளிடம் முயன்று பார்த்தார். 1973ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் பேசினார். பாதிக்குப் பாதி குழந்தைகள் வரை தேறுகிறார்கள் என்கிற அளவுக்கு அவருடைய எண்ணிக்கை போனது. பிறகு ஒரு புத்தகம் எழுதினார், அது விற்றுத் தள்ளியது. ஊருக்கு ஊர் பெற்றோர் சங்கங்கள் முளைத்தன. தக்காளி, ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, பாதாம், வெள்ளரிக்காய் கூட அவருடைய தடைப் பட்டியலில் இருந்தன. சாலிசிலேட் அவற்றில் இயற்கையாகவே இருக்கிறதே. அந்தக் காலத்துப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. மருத்துவர்கள் மாத்திரையைத் தவிர வேறு எதையும் நீட்டாத நேரத்தில், "உங்கள் கையாலேயே சரி செய்யலாம்" என்று ஒருவர் சொன்னால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

ஆனால் இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. பத்தியம் நடப்பது பெற்றோருக்குத் தெரியும், "பையன் தேறிவிட்டானா?" என்று மதிப்பெண் போடுவதும் அதே பெற்றோர்தான். எதிர்பார்ப்பு கண்ணை எந்த அளவுக்கு மறைக்கும் என்பதற்கு 1994ல் வந்த ஒரு சோதனை அருமையான உதாரணம். ஹூவர், மிலிச் என்ற இரண்டு உளவியலாளர்கள், "எங்கள் பையனுக்குச் சர்க்கரை ஆகாது" என்று சொன்ன அம்மாக்களையும், 5 முதல் 7 வயதான அவர்களின் 35 பையன்களையும் அழைத்தார்கள். பாதி அம்மாக்களிடம் "உங்கள் பையனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். உண்மையில் எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத அஸ்பார்டேம்! சர்க்கரை என்று நம்பிய அம்மாக்கள் "ரொம்ப ஆட்டம் போடுகிறான்" என்று மதிப்பிட்டார்கள். அதைவிடச் சுவாரசியம், வீடியோவில் பதிவானது: அந்த அம்மாக்கள் பையனை ஒட்டியே நின்றார்கள், அதிகமாகத் திட்டினார்கள், கண்ணை எடுக்காமல் கவனித்தார்கள். யார் மாறியது, பையனா அம்மாவா?

அதே 1994ல் வோல்ரைச் குழுவினர் குடும்பங்களின் சாப்பாட்டையே வாரக்கணக்கில் மாற்றிப் பார்த்தார்கள். மூன்று வாரம் சர்க்கரை, மூன்று வாரம் அஸ்பார்டேம், மூன்று வாரம் சாக்கரின், எது எப்போது என்று யாருக்கும் சொல்லவில்லை. சர்க்கரை ஆகாது என்று சொல்லப்பட்ட பள்ளிப் பிள்ளைகளில் 39 விதமாக அளந்தும் வித்தியாசம் கிடைக்கவில்லை. அத்தைகளின் சாக்லேட் கோட்பாட்டுக்கு அன்றே மங்களம் பாடியாகிவிட்டது, அத்தைகளுக்குத்தான் செய்தி போய்ச் சேரவில்லை :-)

அப்படியானால் ஃபைன்கோல்டும் காலி என்று முடிவு கட்டலாமா? அவசரம் வேண்டாம். சர்க்கரை வேறு, சாயம் வேறு. யாருக்கும் தெரியாமல் சாயத்தை பிஸ்கட்டில் ஒளித்துக் கொடுத்த 1970களின் சோதனைகள் பெரும்பாலும் ஃபைன்கோல்டைக் கைவிட்டன. "ஒரு நாளைக்கு 26 மில்லிகிராம் மட்டும் கொடுத்தால் எப்படித் தெரியும்?" என்று அவருடைய ஆதரவாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். 1980ல் டொராண்டோவில் ஸ்வான்சன், கின்ஸ்போர்ன் இருவரும் 100, 150 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்தபோது துறுதுறு குழந்தைகளின் கற்றல் சோதனை மதிப்பெண் இறங்கத்தான் செய்தது. 1982 ஜனவரியில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, "மிகச் சில குழந்தைகளுக்கு உதவலாம்" என்ற அளவில் நின்றது. அதே ஆண்டு மார்ச்சில் ஃபைன்கோல்ட் இறந்துபோனார். அதற்குப் பிறகு இருபது வருடம் இந்த விஷயத்தைப் பெரிய ஆட்கள் யாரும் அவ்வளவாகத் தொடவில்லை.

மறுபடி தூசி தட்டியது இங்கிலாந்து. தென்கோடியில் ஐல் ஆஃப் வைட் என்று ஒரு குட்டித் தீவு. அங்கே மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2004ல் வெளியானது. இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு என்றால் இதுதான், ஆனால் இதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. குழந்தைகளை இரண்டு விதத்தில் பிரித்தார்கள்: துறுதுறுப்பு உள்ளவர், இல்லாதவர், அலர்ஜி உடல்வாகு உள்ளவர், இல்லாதவர். ஒரு வாரம் தினமும் 20 மில்லிகிராம் சாயமும் 45 மில்லிகிராம் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம், இன்னொரு வாரம் பார்க்கவும் குடிக்கவும் அதே மாதிரி இருக்கும் வெறும் பானம். ஆய்வை முழுதாக முடித்த 277 குழந்தைகளில், சாய வாரத்தில் ஆட்டம் கூடியதாகப் பெற்றோர் சொன்னார்கள். எந்த வாரம் எது என்று அவர்களுக்கே தெரியாது என்பதை மறக்க வேண்டாம். கிளினிக்கில் வைத்து அளந்தபோது மட்டும் அந்த மாற்றம் பிடிபடவில்லை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். அலர்ஜி உள்ள குழந்தையா இல்லாத குழந்தையா என்பதால் இந்த விளைவில் வித்தியாசமே வரவில்லை! சாயம் ஏதோ செய்கிறது என்றால், அது அலர்ஜி வழியாகச் செய்வதில்லை. மருந்து மாதிரி நேரடியாக வேலை செய்கிறது என்பதுதான் பொருத்தமான விளக்கம். 2010ல் வந்த ஒரு தொடர் ஆய்வு, ஹிஸ்டமினைச் சிதைக்கும் ஒரு மரபணுவில் இருக்கும் சின்ன வேறுபாடுதான் சில குழந்தைகள் அதிகம் பாதிக்கப்படுவதற்குக் காரணமாக இருக்கலாம் என்று காட்டியது. ஹிஸ்டமின் என்றதும் "பார்த்தாயா, அலர்ஜிதான்!" என்று குதிக்க வேண்டாம். ஹிஸ்டமின் மூளையிலும் வேலை பார்க்கிறது, விழிப்போடு வைத்திருப்பது அதன் வேலைகளில் ஒன்று. (பழைய சளி மாத்திரை போட்டால் தூக்கம் சொக்குவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.)

2007ல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஜிம் ஸ்டீவன்சன் குழுவினர் இன்னும் கட்டுக்கோப்பாக ஒரு ஆய்வு செய்து லான்செட்டில் வெளியிட்டார்கள். மூன்று வயதில் 153 பேர், எட்டு ஒன்பது வயதில் 144 பேர். ஏ.டி.எச்.டி. நோயாளிகள் அல்ல, சாதாரணப் பிள்ளைகள். பெற்றோர், ஆசிரியர், வகுப்பறையில் உட்கார்ந்து கவனித்தவர் என்று பலருடைய மதிப்பீட்டைச் சேர்த்துக் கூட்டினார்கள். விளைவு இருந்தது. ஆனால் சிறியது, அளவுகோலில் 0.18 போல. ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை மருத்துவர்களின் மதிப்பீட்டில் 0.8ஐ ஒட்டி வருகிறது என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி மாறவும் இல்லை.

சிறியதாக இருந்தாலும் அரசியல் பெரிதாகிவிட்டது. டார்ட்ரசின், குயினோலின் யெல்லோ, சன்செட் யெல்லோ, கார்மாய்சின், பான்சோ 4ஆர், அல்லூரா ரெட் என்ற ஆறு சாயங்களுக்கு "சவுத்தாம்ப்டன் சிக்ஸ்" என்று பட்டப்பெயரே வந்தது, ஏதோ கிரிக்கெட் டீம் மாதிரி. 2010 ஜூலையில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இவை சேர்ந்த உணவில், குழந்தைகளின் நடவடிக்கையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை கட்டாயம். எச்சரிக்கையை அச்சடிப்பதற்குப் பதில் பல கம்பெனிகள் சாயத்தையே மாற்றிவிட்டன. அமெரிக்காவோ 2011ல் ஆலோசனைக் குழுவில் ஓட்டெடுப்பு நடத்தி, 8க்கு 6 என்று எச்சரிக்கை வேண்டாம் என்றது. இத்தனைக்கும் இரண்டு கண்டத்து நிபுணர்களும் பார்த்தது கிட்டத்தட்ட அதே ஆய்வுகளைத்தான். 2021ல் கலிஃபோர்னியா அரசின் சுகாதார ஆபத்து மதிப்பீட்டு அலுவலகம் சாயம் கொடுத்துப் பார்த்த 25 ஆய்வுகளை அலசி, 16ல் ஏதோ ஒரு தொடர்பு தென்படுவதாகச் சொன்னது. 2024 செப்டம்பரில் அங்கே அரசுப் பள்ளிகளின் சாப்பாட்டில் ஆறு சாயங்களுக்குத் தடைச் சட்டம் வந்தது. அமலாவது 2027 டிசம்பர் 31ல்.

இந்தியாவில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மாய்சின், பான்சோ 4ஆர் நான்கும் அனுமதிக்கப்பட்டவை. கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்பது உச்சவரம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள், வரம்புக்கு உட்பட்டே சாயம் போட்ட இனிப்பில் 200 கிராம் சாப்பிட்டால் ஐல் ஆஃப் வைட் குழந்தைகள் தினமும் குடித்த அதே 20 மில்லிகிராம் ஆகிவிடும். தீபாவளி அன்று 200 கிராம் எல்லாம் ஒரு கணக்கா! (பிப்ரவரி 2024ல் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் இருந்தது ரோடமின் பி, துணிச் சாயம். உணவில் அதற்கு அனுமதியே கிடையாது, பயமும் புற்றுநோய் பற்றியது.)

"அலர்ஜிக்கும் ஏ.டி.எச்.டி.க்கும் சம்பந்தமே இல்லையா அப்போ?" இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்த திசையில் இல்லை. ஆஸ்துமா, எக்ஸிமா என்ற தோல் அரிப்பு, தும்மல் நோய் இருக்கும் குழந்தைகளிடம் ஏ.டி.எச்.டி. கொஞ்சம் அதிகமாகக் காணப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. சேர்ந்து வருகிறது என்பதால் ஒன்று இன்னொன்றைப் பெற்றது என்று ஆகாது. ராத்திரி முழுக்க சொறிந்துகொண்டோ மூக்கடைப்போடோ படுத்திருக்கும் குழந்தை மறுநாள் வகுப்பில் எப்படி இருக்கும்? தூக்கம் கெட்ட பெரியவர்கள் தூங்கி வழிவார்கள், தூக்கம் கெட்ட குழந்தைகள் ஆட்டம் போடுவார்கள். அங்கே தேவை அரிப்புக்கும் மூக்குக்கும் சரியான வைத்தியம், தட்டில் இருந்து கோதுமையை எடுப்பது அல்ல.

அடுத்து, பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம். நூறு உணவுக்கு ஒரே நேரத்தில் பார்க்கும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனை. ஐஜிஇ வேறு, ஐஜிஜி வேறு, ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஐஜிஜி என்பது அந்த உணவை உடல் பார்த்திருக்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவே. தினமும் இட்லி சாப்பிடுகிறவருக்கு அரிசிக்கு ஐஜிஜி வந்தால் அதில் ஆச்சரியம் என்ன? 2011ல் நெதர்லாந்தின் லிடி பெல்ஸர் குழு, 4 முதல் 8 வயதுள்ள 100 ஏ.டி.எச்.டி. குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஐந்து வாரம் கடும் பத்தியம் கொடுத்தது. அரிசி, இறைச்சி, சில காய்கறி, பேரிக்காய், தண்ணீர் என்ற அளவில் சாப்பாடு. முடித்த 41 பேரில் 32 பேர் நன்றாகத் தேறினார்கள் என்று முடிவு வந்ததும் உலகமே பரபரப்பானது. அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில், தேறிய 30 பேருக்கு ஐஜிஜி அதிகம் வந்த உணவையும் குறைவாக வந்த உணவையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 19 பேருக்குப் பழையபடி ஆனது, அதிலும் ஐஜிஜி அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதாவது பத்தியத்தைப் பற்றி உலகிலேயே உற்சாகமான ஆய்வே இந்த டெஸ்ட்டுக்கு ஆப்பு வைத்துவிட்டது.

பத்தியத்தின் கதைக்கும் ஒரு இரண்டாம் பாகம் உண்டு. பெல்ஸர் ஆய்வில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் எல்லாம் தெரிந்தே நடந்தது. அந்தப் பழைய ஓட்டை! அதே நெதர்லாந்தில் 165 குழந்தைகளை வைத்துச் செய்து 2023ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஒரு பிரிவுக்குக் கடும் பத்தியம், மற்றதற்கு வெறுமனே நல்ல சத்தான சாப்பாடு. பத்தியத்தில் தேறியவர்கள் 35 சதவீதம், சாதாரண நல்ல சாப்பாட்டில் தேறியவர்கள் 51 சதவீதம்! ஒழுங்கான நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிடுவதும், வீட்டில் எல்லோரும் குழந்தையைக் கவனிப்பதுமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது போலும்.

பத்தியம் இருந்து பார்த்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. ஏ.டி.எச்.டி. மாத்திரையே பல பிள்ளைகளுக்குப் பசியைக் குறைக்கும். அதன் மேல் பாலும் முட்டையும் கோதுமையும் போனால் எடை என்னவாகும்? பிறந்தநாள் விழாவில் எல்லோரும் கேக் தின்ன, ஒருவன் மட்டும் டப்பாவில் கொண்டுவந்த பேரிக்காயோடு உட்கார்ந்திருப்பதும் ஒரு நஷ்டம்தான். வகுப்பில் ஏற்கனவே நண்பர்கள் குறைவாக இருக்கும் பையன் அவன். இன்னொன்று, அலர்ஜி உடல்வாகு உள்ள சில குழந்தைகள் இதுவரை ஒத்துப்போன உணவை நெடுநாள் நிறுத்திவிட்டுத் திரும்பச் சாப்பிடும்போது நிஜமாகவே கடும் அலர்ஜி வந்த சம்பவங்கள் உண்டு. 2015ல் லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்த வேர்க்கடலை ஆய்வும் இதே பக்கம்தான் பேசுகிறது: தோல் பரிசோதனையில் அலர்ஜி காட்டாத குழந்தைகளில், கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதம் பேருக்கு ஐந்து வயதில் கடலை அலர்ஜி, சிறு வயதிலேயே சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம் மட்டும்.

இங்கிலாந்தின் 2018 மருத்துவ வழிகாட்டி நியாயமான நடுவழி ஒன்று சொல்கிறது. எல்லா ஏ.டி.எச்.டி. குழந்தைக்கும் சாயத்தை நிறுத்து என்று பொதுவாகச் சொல்லாதே. ஆனால் "இதைச் சாப்பிட்டால் இவனுக்கு இப்படி ஆகிறது" என்று பெற்றோர் சொன்னால் அலட்சியப்படுத்தவும் செய்யாதே, ஒரு நோட்டில் எழுதி வரச் சொல். ஒரு பக்கம் சாப்பிட்டது, இன்னொரு பக்கம் நடந்துகொண்டது. தொடர்பு உண்மையிலேயே தெரிந்தால் உணவு நிபுணரிடம் அனுப்பு.

அந்த நோட்டை யார் எழுதுவது என்பதில்தான் சூட்சுமம். என்ன சாப்பிட்டான் என்று அம்மா எழுதட்டும். எப்படி இருந்தான் என்பதை, என்ன சாப்பிட்டான் என்று தெரியாத டீச்சரோ டியூஷன் அக்காவோ எழுதட்டும். மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒத்துப்போனால் அந்த ஒரு பொருளை மட்டும் நிறுத்திவிட்டு, சில வாரம் கழித்துத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது அடுத்த வேலை. கடும் அலர்ஜி ஏற்கனவே வந்த பொருளாக இருந்தால் மட்டும் இந்தத் திரும்பக் கொடுக்கும் சோதனை வீட்டில் கூடவே கூடாது, அது மருத்துவமனையில் டாக்டர் முன்னிலையில் நடக்க வேண்டியது. அதுவரை டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் பயிற்சியும் அதுபாட்டுக்கு நடக்கட்டும். சாயத்தை மட்டும் குறைக்க ஆசைப்படுகிறவர்கள் பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 102, 110, 122, 124 என்ற எண்களைத் தேடினால் போதும். அதற்குப் பத்தியமோ, பரிசோதனையோ, பெரிய செலவோ தேவையில்லை, கொஞ்சம் கண் பார்வை மட்டும் நன்றாக இருக்க வேண்டும்.